கத்திரி வெயிலில் நாலு கிகாஹெர்ட்ஸ்

எந்தெந்த ஊரில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது என்று மாலைச் செய்தியில் பட்டியல் வாசிப்பார்களே, வேலூர், கரூர் என்று போகும் அந்த வரிசையில் எங்கள் திருத்தணியும் அடிக்கடி வரும். ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்க்ளாக் பற்றி என் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு யார் கேட்டு வந்தாலும் நான் முதலில் எடுப்பது இந்தப் பேச்சைத்தான். யூட்யூபில் 4 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், இல்லையென்றால் ஷீட் போட்ட கடையில். சித்திரை மத்தியானத்தில் கேபினட் ஃபேன் இழுக்கிற காற்றே 40 டிகிரி செல்சியஸ்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காற்றில் ஓடும் கூலர், அறைச் சூட்டுக்குக் கீழே சிப்பை இறக்காது. முழு வேலையில் இருக்கும் ப்ராசஸர் அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் அறை 25 என்றால் சிப் 70. அதே செட்டிங்கை மே மாதம் ஓட்டினால் 85. கூலர் மடிப்புகளில் பஞ்சுபோலத் தூசி அடைத்திருந்தால் இன்னும் ஏறும். எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அல்லது நடுவேலையில் நீலத்திரை காட்டும். அதனால் தை மாதத்தில் தேறிய ஓவர்க்ளாக்கை நான் தேறியதாகவே எடுத்துக்கொள்வதில்லை. வைகாசி பிறக்கட்டும், பார்ப்போம் என்பேன்.

வேகத்தை மட்டும் ஏற்றினால் இவ்வளவு பாடு இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் வோல்டேஜையும் ஏற்றினால்தான் சிப் தாங்கும், வினையே அங்கேதான். மின்சாரச் செலவும் அதனால் வரும் சூடும் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 3.5 கிகாஹெர்ட்ஸை 3.9 ஆக்க 1.2 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருந்தால், கிடைக்கிற வேகம் 11 சதவீதம், கூடுகிற சூடு ஏறக்குறைய 41 சதவீதம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேர் நம்ம ஜாதி.

அந்த மீதிப் பேரின் ஆசைக்கு ஒரு குலதெய்வம் உண்டு: 1998-இல் வந்த செலரான் 300ஏ. பஸ் வேகத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கிச் சிப் வேகத்தைத் தரும் பெருக்கல் எண்ணை இன்டெல் 4.5 என்று பூட்டிவைத்திருந்தது, ஆனால் பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். அன்றைக்கு உச்சத்தில் இருந்த பென்டியம் 2-இன் வேகம் அது, விலையோ அதன் பக்கத்திலேயே வராது. பென்டியத்தில் 512 கேபி கேஷ் இருந்தும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. செலரானின் 128 கேபி சிப்புக்கு உள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. ஏழை வீட்டுப் பிள்ளை கலெக்டரான மாதிரி ஒரு கதை. 25 வருஷத்துக்கு மேல் ஆகியும் பையன்கள் என்னிடம் வந்து கேட்பது அந்தக் கதையின் மிச்சத்தைத்தான்.

மிச்சம் அதிகமில்லை. 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது பஸ் வேகம் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டப்பட்டது; அதை நாலைந்து சதவீதத்துக்கு மேல் தொட முடியாது. பெருக்கல் எண்ணை மாற்ற கே என்று முடியும் விலை கூடிய சிப் வேண்டும், இசட் வகை போர்டு வேண்டும். 2014-இல் பென்டியம் ஜி3258-ஐப் பூட்டில்லாமல் விட்டார்கள், 3.2-இல் இருந்து நாலரை வரை ஏற்றியவர்கள் உண்டு. ஆனால் அதில் இருந்தவை இரண்டே கோர். அந்த வருஷமே வந்த சில பெரிய கேம்கள் இரண்டு கோரில் திறக்கவே மறுத்தன. இன்றைய சிப்களிலோ டர்போ என்ற பேரில் கம்பெனியே கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் அனுப்புகிறது. நமக்கு விட்டுவைப்பது சக்கைதான்.

என்னிடம் வருகிறவர்களில் நல்ல பகுதி போட்டோ ஸ்டுடியோக்காரர்கள். மலைமேல் முருகன் சன்னதியில் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் சாப்பாடு போடுகிற குடும்பங்கள் ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கம் இருந்தும் வரும். முகூர்த்தம் நெருங்கினால் ஸ்டுடியோவில் ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் ஓடும். வைகாசி முகூர்த்தங்களும் கத்திரி வெயிலும் சேர்ந்து வருகிற நாட்களில்தான் கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறும். ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. சர்வீஸுக்கு வண்டி வண்டியாக அப்போதுதான் வரும்.

இந்த ரெண்டர் வேலைக்கு ஓவர்க்ளாக் போதாது என்பது என் தீர்ப்பு. ஏஎம்டியின் இரண்டு கோர் அத்லான் 3000ஜி நல்ல சிப். 2019-இல் மிகக் குறைந்த விலையில், பூட்டில்லாமலேயே வந்தது. 35 வாட்தான் என்பதால் ஏற்றினாலும் எங்கள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஏ320 போர்டில் ஏற்ற வழியில்லை, பி450 வேண்டும். போர்டுக்குக் கூடுதல் காசு, கொஞ்சம் நல்ல எஸ்எம்பிஎஸ், கூலர் என்று கூட்டிப் பார்த்தால் அதே பணத்தில் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக ஆறு கோர் ரைசன் 5 1600 விசாரிக்கலாம். அத்லானின் 3.5-ஐ 3.9 ஆக்கினால் ஒரு மணி நேர ரெண்டரில் ஆறு நிமிஷம் மிச்சமாகும். இரண்டு கோர் ஆறு கோரானால் அந்த நேரமே பாதிக்கும் கீழே வந்துவிடும். ஸ்டுடியோக்காரருக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதற்காக நான் ஏற்றுவதை விட்டுவிடவில்லை. பெஞ்சில் எப்போதும் ஒரு போர்டு திறந்து கிடக்கும். பெருக்கல் எண்ணை ஒவ்வொரு படியாக ஏற்றுவேன், பிரைம்95 சோதனை ஓட்டுவேன், விழுந்தால் வோல்டேஜை ஒரு துளி கூட்டுவேன். ஒரே மாடல் சிப் இரண்டு வாங்கினாலும் ஒன்று ஏறும், மற்றது முரண்டுபிடிக்கும். அந்தக் குணத்தைக் கை கண்டுபிடிக்கிற சுகம் கடையில் நல்ல சிப்பை வாங்குவதில் இல்லை. இந்தப் பழக்கம் சர்வீஸிலும் உதவுகிறது. பழைய ரைசனில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், காய்ந்த தெர்மல் பேஸ்ட் ப்ராசஸரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். அதனால் கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் நன்றாகச் சூடேற ஓடவிட்டு, அணைத்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி, பேஸ்ட் வழுக்குவது கையில் தெரிந்த பிறகுதான் தூக்குவேன்.

பங்குனி முடிந்ததும் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களில் நான் செய்வது தலைகீழ் வேலை. பயாஸில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். பெரும்பாலான சிப்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வோல்டேஜ் தேவைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். குறைத்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் டர்போ அதிக நேரம் நிற்கும். எவ்வளவு குறைத்தால் விழும் என்று தெரிவது ஏற்றிப் பழகிய கைக்குத்தான்.

போன வாரம் நகரியிலிருந்து ஒரு காலேஜ் பையன் ரைசன் 3 3200ஜி போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, கேம் திக்குது, கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்றான், பாதி தெலுங்கு, பாதி தமிழ். திறந்து பார்த்தால் ஒரே ஒரு 8 ஜிபி ரேம், அதுவும் 2400-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிப்பில் கிராபிக்ஸும் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. ஒற்றை ரேம் போட்டால் பாதி ரோட்டை அடைத்துவைத்த மாதிரி. "ப்ராசஸரைத் தொட வேண்டாம் தம்பி, இதே மாதிரி இன்னொன்னு வாங்கிட்டு வா" என்றேன். அவனுக்கு ஏமாற்றம்தான். மறுநாள் வாங்கிவந்தான். இரண்டையும் சரியான ஸ்லாட்டில் போட்டு, ரேமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்து 3200 ஆக்கினேன். கேமை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஓவர்க்ளாக் எப்ப பண்ணலாம்ணா?" என்றான். ஐப்பசியில் வரச்சொல்லியிருக்கிறேன்.