வெடி ஆபீஸ் வேனில் ஒரு நைட்!

ஃப்ரெண்ட்ஸ், நீங்க எப்பவாவது வேன்ல தூங்கியிருக்கீங்களா? டூர் போறப்ப ஜன்னல் கம்பியில தலை முட்டி முட்டித் தூங்குவோமே, அதைச் சொல்லல. வண்டியை ஒரு காட்டோரமா நிறுத்தி, சீட்டைக் கழட்டி, பாய் விரிச்சு, குடும்பத்தோட 'இன்னிக்கு இதுதான் வீடு'னு படுக்கிறது. நான் படுத்திருக்கேன். அதுவும் எங்க அம்மா தினமும் வேலைக்குப் போற வேன்ல!

அமெரிக்காவுல இதுக்குன்னே ஆர்.வி. பார்க்னு வச்சிருக்காங்க. கிச்சன், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ள வண்டியை ஓட்டிட்டுப் போய் அங்கே நிறுத்தினா கரண்ட், தண்ணிக் குழாய், கழிவுநீர்க் குழாய் மூணையும் வண்டியிலேயே மாட்டிக்கலாம். 1872-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச யெல்லோஸ்டோன்ல, ஃபிஷிங் பிரிட்ஜ்னு ஒரு இடத்துல இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. அங்கே துணிக்கூடாரம் போடத் தடை. கெட்டியான சுவர் உள்ள வண்டி மட்டும்தான் அனுமதி. ஏன்னா சுத்திலும் கிரிஸ்லி கரடி! பக்கத்துல கேரளாவுல கூட 2021-ல கேரவன் டூரிஸத்துக்குன்னு தனிக் கொள்கையே அறிவிச்சுட்டாங்க.

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு இதெல்லாம் ஓல்டு நியூஸ் பாஸ். சதுரகிரிக்குப் போற வேன்களைக் கேட்டுப் பாருங்க, சொல்லும்.

போகாதவங்களுக்காக ஒரு சின்ன இன்ட்ரோ. வத்திராயிருப்பு பக்கத்துல தாணிப்பாறை. அதுதான் அடிவாரம். அங்கேயிருந்து காட்டு வழியா ஏறினா சுந்தர மகாலிங்கம் கோயில். அடிவாரம் எங்க மாவட்டம், கோயில் மதுரை மாவட்டம்! இந்தக் காடு 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021 பிப்ரவரியில மேகமலையோட சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்னு பிரமோஷன் கிடைச்சது. சுமார் 1,016 சதுர கி.மீ. தமிழ்நாட்டுல அஞ்சாவது. அமெரிக்காக்காரனுக்கு கிரிஸ்லி கரடின்னா நமக்கு கிரிசில்டு அணில். ஸ்பெல்லிங்ல கிட்டத்தட்ட சொந்தக்காரங்க, சைஸ்லதான் கொஞ்சம் வித்தியாசம்!

நாங்க போனது மாசிப் பௌர்ணமியை ஒட்டி வந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்கு. எங்க ஊர்ல சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும், ஞாயிறு லீவு. அதனால ப்ளான் சிம்பிள். சனி ராத்திரி கிளம்பி, அடிவாரத்துல தூங்கி, காலையில கேட் திறந்ததும் ஏறணும். மலை மேல ராத்திரி தங்க விடமாட்டாங்க. காரணம் இருக்கு. 2015 மே மாசம் திடீர்னு காட்டாத்துல வெள்ளம் வந்து, ஏறி இறங்கிட்டிருந்த பக்தர்கள் பலர் இறந்துபோனாங்க. மேல வானம் கொட்டினா கீழே ஓடையைத் தாண்ட முடியாது. அதுக்கப்புறம் கெடுபிடி ஜாஸ்தி. அதனாலதான் கூட்டம் அடிவாரத்துல வண்டிக்குள்ள ராத்திரியைக் கழிக்குது.

இப்போ அந்த வேனைப் பத்திச் சொல்லணும். சொல்லும்போதே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

எங்க பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு 'வெடி ஆபீஸ்'னு பேரு. தீப்பெட்டிக் கம்பெனின்னா 'தீப்பெட்டி ஆபீஸ்'. நிஜமாவே அப்படித்தான் சொல்லுவாங்க. காலையில ஊர் முனையில ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கும், தூக்குவாளியோட பெண்கள் ஓடுவாங்க. எங்க அம்மா 19 வருஷமா அப்படி ஓடுறாங்க. காகிதக் குழாய் சுருட்டுறது, திரி வைக்கிறதுன்னு எல்லா வேலையும் பார்த்தாச்சு. நான் காலேஜ் சேர்ந்த முதல் வாரம், ஹாஸ்டல்ல ஆளாளுக்கு 'உங்க அம்மா என்ன பண்றாங்க?'னு ஓடிட்டிருந்துச்சு. என் முறை வந்தப்ப 'ஆபீஸ் போறாங்க'ன்னேன். பொய் இல்லையே! அவங்களா ஃபைல், ஃபேன், டைப்ரைட்டர்னு கற்பனை பண்ணிக்கிட்டாங்க. நான் திருத்தல. ரெண்டரை வருஷமா திருத்தல.

அந்த 'ஆபீஸ்' வேன்தான் அன்னிக்கு எங்க கேரவன். டிரைவர் அண்ணன் பின்னாடி ரெண்டு சீட்டைக் கழட்டி வச்சுட்டார். மொத்தம் 14 பேர். அம்மாவோட வேலை பாக்குற அக்காக்கள், அவங்க பிள்ளைங்க, எங்க அம்மாச்சி, நான். சிவகாசியில கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாவுக்கு ஒரு ஸ்டாப் (இது சட்டம்!), கிருஷ்ணன்கோவில்ல திரும்பி, வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறை போய்ச் சேர ராத்திரி ஒம்பதரை. ஒரு மாந்தோப்புல வண்டியை நிறுத்த 100 ரூபாய் வாங்கினாங்க. ஏற்கெனவே முப்பது, நாப்பது வண்டி நின்னுச்சு. வேன், ஆட்டோ, டெம்போ டிராவலர், ஏன், தார்ப்பாய் கட்டின லோடு ஆட்டோ கூட!

வசதி எப்படின்னு கேக்குறீங்களா? கரண்ட், தோப்போட பம்ப்செட் ரூம்ல எரிஞ்ச ஒரே ஒரு பல்பு. தண்ணி, அதே பம்ப்செட் தொட்டி. பாத்ரூம்... அட, அதைத்தான் எழுதணும், எழுதுறேன். தோப்புல பாத்ரூம் கிடையாது. ஆம்பளைங்களுக்கு உலகமே பாத்ரூம். நாங்க நாலு பேர் சேர்ந்து, ஒரு டார்ச்சோட, முன்னாடி ஒரு அக்கா பின்னாடி ஒரு அக்கா பாதுகாப்புல போனோம். 'காட்டுப் பக்கம் போகாதீங்க, யானை வரும்'னு தோப்புக் காவலுக்கு இருந்த தாத்தா வேற பயமுறுத்தினார். சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்தே நான் தண்ணி குடிக்கலைங்கிறதை இங்கே பதிவு பண்ணிக்கிறேன். கேர்ள்ஸ், நீங்க போறதா இருந்தா வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுலேயே எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கிளம்புங்க.

தாத்தா சொன்னது சும்மா இல்லை. இந்த அடிவாரத் தோப்புகள்ல யானை இறங்கி தென்னை, மாவை ஒரு கை பார்த்துட்டுப் போறது சகஜம். அதனால வாழைப்பழத் தாரை வண்டிக்கு வெளியே வைக்காதீங்கன்னார். எங்ககிட்ட ரெண்டு சீப்பு இருந்துச்சு. அம்மாச்சி அதை முந்தானையில சுத்தி தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டாங்க. யானை வந்தா முதல்ல யாரைத் தேடும்னு யோசிச்சு எனக்குத்தான் தூக்கம் வரல!

புளியோதரை, தயிர்சாதம், சாத்தூர் காராச்சேவு. நிலா வெளிச்சத்துல வட்டமா உக்காந்து சாப்பிட்டோம். மலை கறுப்பா எதிர்ல நின்னுச்சு. கொசு பின்னிடுச்சு. பக்கத்து வண்டியில எல்லாம் கொசுவர்த்தி. எங்க வண்டியில மட்டும் கிடையாது. கேட்டா, 'வண்டிக்குள்ள நெருப்பா? போர்வையைப் போத்திட்டுப் படு'ன்னாங்க அம்மா.

அம்மாகிட்ட இப்படி நிறைய உண்டு. எந்த ரூமுக்குள்ள போனாலும் வாசல்ல ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டுட்டுத்தான் போவாங்க. வேன்ல ஏறுறப்பவும் கதவைத் தொட்டு ஒரு செகண்ட் நின்னாங்க. சின்ன வயசுல அதை சாமி கும்பிடுறதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மருந்து ரூம் வாசல்ல பூமியோட இணைச்ச உலோகத் தகடு வச்சிருப்பாங்க, உடம்புல சேர்ந்திருக்கிற மின்சாரம் அது வழியா இறங்கிடணும். இல்லைன்னா விரல் நுனியில வர்ற பொறியே போதும். நைலான், பாலியஸ்டர் உடுத்தக் கூடாது, காட்டன்தான். செல்போன் வாசலோட சரி. நான் ட்ரிபிள் ஈ ஸ்டூடண்ட். 'எர்த்திங்' எங்களுக்கு ஒரு யூனிட்டு. அம்மாவுக்கு அது தினமும் காலையில ஒரு தடவை.

மணி பதினொண்ணு இருக்கும். பளபளன்னு ஒரு டெம்போ டிராவலர் எங்களுக்கு ரெண்டு மரம் தள்ளி வந்து நின்னுச்சு. திருப்பூர்ப் பக்கம். பசியோட வந்திருக்காங்க, பாவம். மூணு கல்லைக் கூட்டி, மாஞ்சருகை அள்ளிப் போட்டு அடுப்பைப் பத்த வச்சாங்க. மாசி மாசம், தோப்பு முழுக்க காய்ஞ்ச சருகு. தோப்பு முடியிற இடத்துல காடு. கொஞ்ச நேரத்துல மலையிலிருந்து காத்து இறங்க ஆரம்பிச்சது. பொறி ஒண்ணு ரெண்டு பறந்துச்சு. நான் பார்த்துட்டே இருந்தேன், ஏதோ கேம்ப் ஃபயர் மாதிரி அழகா இருக்கேன்னு!

அம்மா எழுந்து போனாங்க. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. அந்த வண்டியில என் வயசுல ஒரு பொண்ணு வேற, காலேஜ் டி-ஷர்ட்ல நின்னுட்டிருந்தா. 'ஐயோ, ஏம்மா சண்டை'னு பின்னாடியே ஓடினேன்.

'அண்ணாச்சி, காத்து திரும்புது. அடுப்பை அமத்திருங்க'ன்னாங்க அம்மா.

'இதோ முடிஞ்சிருச்சுங்க அக்கா, ரவை மட்டும் கிண்டணும்'னார் அவர். 'எந்த ஊருங்க நீங்க?'

'சிவகாசி.'

அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 'சிவகாசிக்காரங்களே நெருப்பைப் பார்த்துப் பயந்தா எப்படிங்க!'

அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் எங்க வேனைக் காட்டி, 'அந்த வண்டியில போன வருஷம் வரைக்கும் 22 பேரு வேலைக்குப் போவோம் அண்ணாச்சி. இப்ப 21 பேரு'ன்னாங்க. குரலை உசத்தவே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. தொட்டித் தண்ணியை எடுத்து வரச் சொல்லி அவரே அடுப்பை அணைச்சார். ஆனா அம்மா அதோட விடல. கையால மண்ணை அள்ளி மேல போட்டு மூடி, சுத்திலும் சருகைக் காலால விலக்கி, சாக்கு ஒண்ணை நனைச்சு விரிச்சாங்க. 'அணைஞ்ச மாதிரிதான் தெரியும், உள்ள கனிஞ்சுட்டே இருக்கும்'னாங்க என்கிட்ட. நானும் குனிஞ்சு சருகு பொறுக்கினேன். 2018 மார்ச்ல, நமக்கு வடக்கே குரங்கணி மலையில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கி இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்களே, ஞாபகம் இருக்கா? அதுவும் காய்ஞ்ச புல்லும் காத்தும்தான்.

மிச்சம் இருந்த புளியோதரையை அம்மா அந்த வண்டிப் பிள்ளைங்களுக்குக் கொடுத்து அனுப்பினாங்க. வாங்க வந்த அந்த டி-ஷர்ட் பொண்ணு என்கிட்ட கேட்டா, 'உங்க அம்மா ஃபயர் சர்வீஸ்ல இருக்காங்களா?'

பழக்க தோஷம், 'ஆபீஸ்...'னு வாய் ஆரம்பிச்சுடுச்சு. நிறுத்திட்டேன். 'வெடி ஆபீஸ். பட்டாசு செய்யுறாங்க'ன்னேன். அவ ஆச்சரியமா, 'அய்யோ, எங்க வீட்டு தீபாவளிப் பட்டாசு எல்லாம் அவங்க செஞ்சதா இருக்குமா?'ன்னா. 'இருக்கலாம்'னேன். அப்புறம் அரை மணி நேரம் புஸ்வாணம் எப்படி மேல எழும்புதுன்னு வேன் படிக்கட்டுல உக்காந்து கிளாஸ் எடுத்தேன்!

(எங்க ஹாஸ்டல் ரூம் மேட்ஸ் இதைப் படிச்சுட்டு திங்கட்கிழமை என்னைக் கும்மப் போறாங்க. ஓகே, ரெடி!)

காலையில மொறுமொறுன்னு ஏதோ சத்தம். வேன் கூரை மேல புளியங்காய்த் தோடா விழுந்துச்சு. எட்டிப் பார்த்தா, தோப்பு ஓரத்துப் புளியமரத்துல நம்ம ஹீரோ! வீட்டு அணிலை மனசுல வச்சுப் பார்க்காதீங்க, பூனை சைஸ். உடம்பு நீளத்துக்கு வால். அம்மாச்சிதான் முதல்ல பார்த்தது. கிளைக்குக் கிளை தாவும், தரைக்கு அவ்வளவா இறங்காது. மரம் மரத்தோட கை கோத்து நின்னாத்தான் அதுக்கு ரோடு. நடுவுல ஒரு மரத்தை வெட்டினா அதுக்கு ரோடு கட்!

தாணிப்பாறை கேட்ல வனத்துறைக்காரங்க பையைத் துழாவிப் பார்த்துத்தான் விட்டாங்க. பிளாஸ்டிக் பை, தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. எங்க அக்காக்கள் இதுல எக்ஸ்பர்ட். தினமும் இதே செக்கிங்கைத் தாண்டித்தானே வேலைக்குப் போறாங்க! 'எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு'னு ஒரு அக்கா சொல்ல, ஒரே சிரிப்பு. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பசுக்கிடைன்னு நாலரை மணி நேரம் ஏறினோம். அது தனிக் கதை, முட்டிவலியோட இன்னொரு வாரம் எழுதுறேன். அம்மாச்சி ஏறல. வேன்லேயே வாழைப்பழத்துக்குக் காவல். குரங்குகிட்ட ஒரு சீப்பைத் தோத்திருந்தாங்க.

போறதா இருந்தா ஒண்ணு: எந்தெந்த நாள், எத்தனை மணி வரைக்கும் மலையேற விடுறாங்கங்கிற விதி மழைக்கும் தீக்கும் ஏத்த மாதிரி மாறும். கேட்டுட்டுக் கிளம்புங்க.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வீடு வந்து சேர பத்து மணி. டிரைவர் அண்ணன் கழட்டின சீட்டை அப்பவே மாட்டிட்டார். திங்கட்கிழமை காலையில ஊர் முனையில அதே ஹாரன். நான் காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டிருந்தேன். அம்மா தூக்குவாளியோட ஓடினாங்க, கதவு இரும்பைத் தொட்டாங்க, ஏறினாங்க. எங்க பாய் இன்னும் பின் சீட்டுக்கு அடியிலதான் கிடந்துச்சு. சாயங்காலம் எடுத்துட்டு வரச் சொன்னேன்.