காத்திருந்த கணினி

பழுது என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ நிலைமைகளை நாம் அடக்கிவிடுகிறோம். உடைந்ததும் பழுது; தேய்ந்ததும் பழுது; நம் விருப்பப்படி நடவாததும் பழுது. இவற்றுள் மூன்றாவது வகையைச் சார்ந்த ஓர் அனுபவத்தையே இங்கு எழுத விரும்புகிறேன். பொருள், லினக்ஸில் இயங்கும் ஒரு பழைய மடிக்கணினி. எழுதுபவனோ கணினித் துறை சார்ந்தவனல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் இறுதியாண்டு மாணவன். ஆகவே, துறை வல்லோர் என் விளக்கங்களிற் குறை காணின் பொறுத்தருள்வாராக.

சென்ற விடுமுறைகளில் மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்கள் சிலவற்றுக்குச் சென்று, ஆய்வேட்டுக்கென நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவு செய்திருந்தேன். ஏறக்குறைய 40 பாடல்கள். அவற்றுட் பாதியை எங்கள் உறவுமுறைப் பெத்தா ஒருவரே பாடித் தந்தார். தாலாட்டைப் பாடும்போது சிரித்தார்; ஒப்பாரியைப் பாடும்போது எவரை நினைத்தாரோ, இடையில் நிறுத்திக் கண்களைத் துடைத்துக்கொண்டார். தை மாதத்தில் அவர் காலமானார். கைத்தொலைபேசியில் இடம் போதாமையாற் பதிவுகள் யாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டுத் தொலைபேசியிலிருந்து நீக்கியிருந்தேன். மற்றொரு பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் நாள்தோறும் எழுந்தது. நாள்தோறும் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், மழை கொட்டிய ஓரிரவு விடுதியில் மின்சாரம் நின்றது. சற்று நேரத்திற் கணினியின் மின்கலமும் தீர்ந்தது. மின்சாரம் மீண்டபின் பொத்தானை அழுத்தினேன். திரையில் இலச்சினை தோன்றியது. அதன் கீழ் ஒரு சிறு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டேயிருந்தது. அரை நிமிடம் பார்த்தேன். பொறுமையிழந்து, பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைத்தேன். மீண்டும் தொடக்கினேன். அதே இலச்சினை, அதே வட்டம். அன்றிரவு எத்தனை முறை இவ்வாறு செய்தேன் என்பது நினைவில்லை.

துன்பம் வந்தால் முதலிற் பிறரையே ஐயுறுதல் மனித இயல்பு. மூன்று நாட்களுக்கு முன் மென்பொருளிற் சில புதுப்பித்தல்களைச் செய்திருந்தேன். அவற்றையே குற்றவாளிகளாக்கினேன். பின்னர் மின்வெட்டைக் குறை கூறினேன். அறைத்தோழன் என் புலம்பலைக் கேட்டுவிட்டு எளிய தீர்ப்பொன்று வழங்கினான்.

“மச்சான், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடு. அரை மணித்தியால வேலை.”

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். புதிதாக நிறுவுவதற்கு வேண்டிய பென்ட்ரைவையும் தயாரித்துத் தந்தான். ஆய்வேட்டின் எழுத்துப்பிரதி மின்னஞ்சலில் இருக்கின்றதே என்று நானும் ஒரு கணம் இசைந்தேன். ஆயினும், ‘எல்லாத்தையும்’ என்ற அச்சொல்லினுள் பெத்தாவும் அடங்கியிருந்தார். கை எழவில்லை.

மறுநாள் மாலை பொறியியற் பீடத்தைச் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவனிடம் கணினியைக் கொண்டுசென்றேன். அவன் எதனையும் பழுதுபார்க்கத் தொடங்கவில்லை. “முதலிலை பாட்டுகளை எடுத்து வைப்பம் அண்ணை. வருத்தத்தைப் பிறகு பாப்பம்” என்றான். என் தோழன் தந்த அதே பென்ட்ரைவைச் செருகினான். அதிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. கணினி விழித்தது. உள்ளேயிருந்த தட்டு தெரிந்தது. என் கோப்புறையும் இருந்தது. அனைத்தையும் தன்னுடைய வெளித்தட்டொன்றுக்குப் பிரதி செய்தான். அழிப்பதற்கெனக் கொண்டுவந்த கருவியே காப்பதற்குப் பயன்பட்டதை எண்ணி வியந்தேன். ஆயினும், பதிவுகளுள் ஒன்றையேனும் திறந்து கேட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அதன் பின்னரே நோயை ஆராயத் தொடங்கினான். ஒரு கணினி விழித்தெழுதல் ஒரே செயலன்று. பலர் கைமாற்றிச் செல்லும் தீப்பந்தம் போன்றது. பொத்தானை அழுத்தியதும், தாய்ப்பலகையிலுள்ள சிப்பொன்றிற் பொதிந்திருக்கும் சிறு நிரல் முதலில் எழுகின்றது. அது உறுப்புக்களைச் சோதித்துவிட்டு, ‘கிறப்’ எனப்படும் ஏற்றுநிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. ‘கிறப்’, லினக்ஸின் உட்கருவை நினைவகத்துள் ஏற்றுகின்றது. உட்கரு சாதனங்களை இனங்கண்டபின், முதலாம் இலக்கமுடைய செயலைத் தொடக்கிவைக்கின்றது. ஏனைய பணிகளையும், தட்டின் பகுதிகளை உரிய இடங்களில் இணைத்தலையும் அச்செயலே மேற்பார்வை செய்கின்றது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் பயனாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: அசையாத திரை.

“எங்கை நிக்குதெண்டு அதையே கேப்பம்” என்றான் தம்பி. கணினியைத் தொடக்கி, ‘கிறப்’பின் பட்டியலை வரவழைத்து, ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினான். உட்கருவுக்கு இடப்படும் கட்டளைவரி தோன்றியது. அவ்வரியின் இறுதியில் இரண்டு சொற்கள் இருந்தன: ‘குவயற்’, ‘ஸ்பிளாஷ்’. முன்னது, பேசாதே என்கின்றது. பின்னது, அழகிய படத்தைக் காட்டு என்கின்றது. இரண்டையும் நீக்கிவிட்டுத் தொடக்கினான்.

திரை கறுத்தது. பின்னர் வெள்ளெழுத்து வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இன்ன சாதனத்தைக் கண்டேன், இன்ன பணியைத் தொடக்கினேன், இது சரி, இதுவும் சரி என்று கணினி தான் செய்யும் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தது. நான் ஊமையென்று எண்ணிய கருவி ஒவ்வொரு நாளும் இவ்வாறே பேசியிருக்கின்றது. நான்தான் திரையிட்டு மூடி வைத்திருந்தேன். திடீரென ஓட்டம் நின்றது. கடைசி வரியில், 36 குறிகள் கொண்ட நீண்ட அடையாள எண்ணுடைய ஒரு தட்டுப் பகுதிக்காகக் காத்திருப்பதாக எழுதியிருந்தது. பக்கத்தில் விநாடிகள் ஓடின. எல்லை ஒன்றரை நிமிடம்.

“அண்ணை, இது பழுதாகேல்லை. ஆரையோ பாத்துக்கொண்டு நிக்குது.”

ஒன்றரை நிமிடம் கழிந்ததும், எழுத்துக்கள் மட்டுமுள்ள அவசரநிலைத் திரை தானாகவே திறந்தது. முதல் நாளிரவு நான் அந்த ஒன்றரை நிமிடம் பொறுத்திருந்தால், கணினியே வாய் திறந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அது பேச வாயெடுக்கு முன்னரே கழுத்தை நெரித்தவன் நான்.

தட்டிலுள்ள பகுதிகளின் அடையாள எண்களைக் காட்டும் கட்டளையைத் தம்பி இட்டான். காத்திருக்கப்பட்ட எண் அங்கு இல்லை. அடுத்து, ‘எவ்எஸ்ராப்’ என்னும் கோப்பைத் திறந்தான். தொடக்கத்தில் எந்தெந்தப் பகுதிகளை எங்கெங்கு இணைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இடாப்பு அது. அதன் கடைசி வரியில் அந்த எண் இருந்தது. அவ்வரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அது நானே எழுதிய வரி.

முதலாம் ஆண்டில், திரைப்படங்களைச் சேமிக்கும் பகுதி தானாகவே திறக்க வேண்டுமென்று, யாரோ சொல்லித்தர அவ்வரியைச் சேர்த்திருந்தேன். இரு மாதங்களுக்கு முன், ஒலிப்பதிவுகளுக்கு இடம் வேண்டி, அப்பகுதியைத் துடைத்துப் புதிதாக வடிவமைத்தேன். அவ்வாறு செய்யும்போது பழைய அடையாள எண் மறைந்து புதியதொன்று பிறக்கும் என்பதை அறியேன். அதன்பின் கணினியை ஒருநாளேனும் முற்றாக அணைக்கவில்லை. மூடியைச் சாத்தி உறங்கவைத்தே பழகியிருந்தேன். மின்வெட்டு குற்றவாளியன்று, புதுப்பித்தலுமன்று. இரு மாதங்களாக உறங்கிய என் தவறு, கணினி புதிதாக எழ நேர்ந்த அன்று வெளிப்பட்டது. இடாப்பிற் பெயர் இருக்கும்வரை, இல்லாத ஒன்றுக்காக அது காத்துக்கொண்டேயிருந்திருக்கின்றது.

தம்பி அவ்வரியின் முன் ஒரு சிறு குறியை இட்டான். அக்குறி இடப்பட்ட வரியைக் கணினி படியாது கடந்து செல்லுமாம். மீளத் தொடக்கினான். சிறிது நேரத்தில் என் வழமையான திரை வந்தது. மருந்து ஓரெழுத்து. ‘எல்லாவற்றையும்’ அழித்திருந்தாலும் கணினி எழுந்திருக்கும். ஆனால் ஏன் வீழ்ந்தது என்பது எனக்கு என்றுமே தெரிந்திராது.

லினஸ் ரோவால்ட்ஸ் என்னும் மாணவர், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் கற்ற காலத்தில், 1991ஆம் ஆண்டு லினக்ஸின் உட்கருவை முதன்முதலில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, எவரும் அதன் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடமளிக்கும் உரிமத்தின்கீழ் அது கொண்டுவரப்பட்டது. படிக்கலாம் என்று உலகுக்கே திறந்துவைக்கப்பட்ட ஒன்றை, ஐந்தாண்டுகளாகக் கையில் வைத்திருந்தும் நான் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. பாடபேதம் நோக்காது ஏட்டைத் திருத்துவோரைக் குறைகூறக் கற்ற எமக்கு, கருவி என்று வந்ததும் அந்த நிதானம் எங்கே போய்விடுகின்றது? விளங்காத வரியைச் சிதைவு என்று ஒதுக்குவதற்கும், எழாத கணினியைத் துடைத்தெறிவதற்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை.

அன்றிரவே பதிவுகளை வேறும் இரண்டு இடங்களிற் பிரதி செய்தேன். பின்னர்தான் அவற்றுள் ஒன்றைத் திறந்தேன். பெத்தாவின் தாலாட்டு முடிந்தது. முன்பு படியெடுத்தபோது, பாடல் முடிந்ததும் நிறுத்திவிடுவதே என் வழக்கம். இம்முறை நிறுத்தவில்லை. சிறிது நேரம் எதுவுமில்லை. தொலைவில் ஒரு மாட்டின் மணி. பின்னர் பெத்தாவின் குரல், சற்றே ஐயத்துடன்:

“எல்லாம் பதிஞ்சிட்டா, மனே?”