நிறம் வராத பெட்டி

ஜப்பானில் பிறந்து, தம்மாமில் ஓடி, கும்பகோணத்தில் ஊமையாகிப்போன ஒரு வீடியோ கேமுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஹைதராபாத்தில் கிடைத்த தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை சார்மினார் எக்ஸ்பிரஸில் நாம்பள்ளி வந்து இறங்கியபோது என் பையில் இரண்டு அகராதிகளும், துண்டில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தன. அகராதிகள் பிழைப்புக்கு. செவ்வாய்க்கிழமை தொடங்கவிருந்த மொழிபெயர்ப்புப் பட்டறைக்காகத்தான் ஹைதராபாத் பயணமே. பெட்டியை எடுத்து வந்தது ஒரு பழைய வழக்குக்காக. சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பெட்டியின் மேல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்று எழுதியிருக்கும். 1994இல் தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணன், கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் 150 ரியால் கொடுத்து எனக்காக வாங்கி வந்தது.

கும்பகோணத்து வீட்டில் தெருவே கூடியிருக்க, அண்ணன் அதை டி.வி.யில் மாட்டினான். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது, மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே வந்தது. சத்தம் அறவே இல்லை, ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் மட்டும். “அங்கே கலரில் நன்றாக ஓடியது” என்று அண்ணன் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. “கெட்டுப்போனதை இவன் தலையில் கட்டிவிட்டான்” என்றார் அப்பா. பதினான்கு வயது நானும் சிரித்தேன். அதன்பின் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் பேரீச்சம்பழமும் கம்பளியும்தான் கொண்டுவந்தான்.

நாம்பள்ளியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே எர்ரகட்டாவில் இறங்கலாம். அங்கே கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உயிருள்ள பொருள்களும் உயிர் போன பொருள்களும் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். மிக்ஸி மோட்டார், ரிமோட், ஒற்றைச் செருப்பு, கணினி விசைப்பலகை எல்லாம் உண்டு. வாங்க வந்தவர் தெலுங்கில் கேட்கிறார், விற்பவர் தக்கனி உருதுவில் விலை சொல்கிறார், பேரம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ படிகிறது. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹௌ’, ஏன் என்பதற்கு ‘காய்கு’. வேலூர், ஆம்பூர்ப் பக்கம் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சின் சாயல் புதிதாக இருக்காது. லக்னோக்காரர் இதைக் கேட்டால் உருது கெட்டுவிட்டது என்பார். கெடவில்லை. இது இந்த ஊர்ப் பதிப்பு, அவ்வளவுதான்.

சற்றுத் தேடினால் தார்ப்பாய்களில் வீடியோ கேம்களின் வம்சாவளியே கிடைக்கும். சாமுராய், மீடியா, டெர்மினேட்டர் என்று 90களில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் அங்கே இருந்தன. பெயர்தான் வேறு வேறு, வயிற்றில் இருப்பது ஒன்றுதான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்கள் அவை. என் பையில் இருந்தது அந்த மூலப் பெட்டி.

அதே நின்டெண்டோ 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டியின் உருவத்தை மாற்றியது. விளையாட்டுச் சாமான் போலத் தெரியக்கூடாது என்று சாம்பல் நிறத்தில், வி.சி.ஆர். போல முன்பக்கம் கேசட் செருகும் வாயோடு என்.இ.எஸ். என்ற பெயரில் இறக்கியது. ஜப்பானியக் கேசட்டுக்கு 60 ஊசி; அமெரிக்கக் கேசட்டுக்கு 72. அந்தக் கூடுதல் ஊசிகளில் நான்கு ஒரு பூட்டுக்கு உரியவை. பெட்டியில் ஒரு சில்லு, கேசட்டில் அதன் ஜோடி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி தன்னைத்தானே அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவுக்கு வேறு பூட்டு. அங்கேயும் பிரிட்டனுக்கு ஒன்று, பிற நாடுகள் பலவற்றுக்கு இன்னொன்று. ஜப்பானியப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. தைவான்காரர்கள் நகல் எடுத்தது இதைத்தான். நம் ஊர்ச் சிறுவர்கள் மாரியோவையும் கான்ட்ராவையும் கண்டது அந்தப் பூட்டில்லாத வாசல் வழியாகத்தான்.

கான்ட்ரா விளையாட்டே ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானியக் கேசட்டில் கொனாமி நிறுவனம் தன் சொந்தச் சில்லு ஒன்றைச் சேர்த்திருந்ததால் காட்டில் மரங்கள் அசையும், பனிக் களத்தில் பனி பொழியும். அமெரிக்கக் கேசட்டில் அந்தச் சில்லும் இல்லை, அசைவும் இல்லை. ஐரோப்பாவில் 1990இல் வந்தபோது விளையாட்டின் பெயரே ‘புரோபோடெக்டர்’ ஆனது. சுட்டுச் சாகும் மனிதர்கள் எல்லோரும் ரோபோக்கள் ஆனார்கள்.

சந்தையில் ஒரு சேகா மெகா டிரைவும் கண்ணில் பட்டது. இந்தப் பெட்டி அமெரிக்காவில் ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் 1995இல் இதை விற்க முன்வந்தது, மதுபானங்களுக்குப் பெயர்போன ஷா வாலஸ் நிறுவனம். அதற்குப் பக்கத்தில் மூடி உடைந்த பிளேஸ்டேஷன் 2. அந்தப் பெட்டிக்கென்று 2009இல் இந்த ஊரிலேயே இரண்டு விளையாட்டுகள் தயாராயின என்பது பலருக்குத் தெரியாது. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் செய்தது ‘ஹனுமான்: பாய் வாரியர்’. கேம்சாஸ்திரா செய்தது ‘தேசி அட்டா’; அதில் கபடி, கில்லி, பட்டம் விடுதல் எல்லாம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் பிறர் பதிப்பை ஆடிய நாட்டில் ஒருவழியாக நம் பதிப்பு வந்தபோது, அந்தப் பெட்டிக்கே வயதாகிவிட்டது.

என் பெட்டியைப் புரட்டிப் பார்த்த வியாபாரி, “இது அசல். கோட்டிக்குக் கொண்டுபோங்கள்” என்றார்.

கோட்டியில் குஜராத்தி கல்லி என்ற சந்து, மின்னணு உதிரிபாகங்களின் உலகம். மறுநாள் காலை அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு சால்டரிங் அயர்னும் மட்டுமே கடையாக வைத்திருந்த பெரியவரிடம் பெட்டியை நீட்டினேன். அவர் பெட்டியை விட்டுவிட்டு முதலில் அடாப்டரைக் கேட்டார். கும்பகோணத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்து தந்த அடாப்டர். மீட்டர் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

“தப்பித்தீர்கள், சார். அமெரிக்கப் பெட்டியின் அடாப்டரும் இந்தத் துளைக்குள் போகும். ஆனால் அது தருவது 9 வோல்ட் ஏ.சி. இந்தப் பெட்டிக்கு வேண்டியது டி.சி. மாற்றிச் செருகினால் உள்ளே வெந்துவிடும்.”

“படம் உருளுமே பாய், கலரும் வராது” என்றேன்.

“எந்த டி.வி.யில் போட்டீர்கள்?”

“94இல் எங்கள் வீட்டு டி.வி.யில்.”

அவர் சிரித்துவிட்டு, தேநீர் சொல்லி அனுப்பினார். பிறகு அவர் விளக்கியது இது. ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் அப்போது இருந்தது என்.டி.எஸ்.சி. முறை: படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். இந்தியாவில் பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 50. அறுபதில் வரும் படத்தை ஐம்பதுக்குப் பழகிய டி.வி. பிடித்து நிறுத்த முடியாமல் உருளவிடுகிறது. நிறத்தைச் சுமந்து வரும் அலை அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43, அதனால் நிறம் தெரியாது. படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான தூரம் அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5, அதனால் சத்தம் கேட்காது. வளைகுடாவில் அப்போதே பல முறைகளையும் ஏற்கும் டி.வி.க்கள் சகஜம். தம்மாமில் கலரில் ஓடியதில் வியப்பில்லை.

தைவான் நகல்களின் சாமர்த்தியமும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் பூட்டில்லாத பெட்டியை எடுத்ததோடு நிற்கவில்லை. உள்ளே இருந்த சில்லை நம் டி.வி.க்கு ஏற்ப 50க்கு மாற்றி, ஜப்பானியக் கேசட்டுகள் குழம்பாமல் ஓடவும் வழி செய்தார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. ஜப்பானில் ஐந்து நிமிடம் ஓடும் ஆட்டம் இங்கே ஆறு நிமிடம் ஓடும். நம் தலைமுறையின் நினைவில் துள்ளும் மாரியோ, மூலத்தைவிடச் சற்று நிதானமானவர்.

பெரியவர் பெட்டியைத் திறந்தார். டி.வி. ஆன்டெனாவுக்குப் போகும் பழைய வழியை விட்டுவிட்டு, படச் சில்லின் ஒரு காலிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள் வழியாக மஞ்சள் சாக்கெட்டுக்கு ஒரு கம்பி இழுத்தார். ஒலிக்கு இன்னொரு கம்பி. பெட்டியில் அவர் வேறு எதையும் தொடவில்லை, எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. இன்றைய டி.வி.க்கள் இரண்டு முறைகளையும் ஏற்பவை. சுவரில் இருந்த சின்ன டி.வி.யில் செருகினார். நீல வானமும் பழுப்பு மண்ணும், கூடவே அந்தப் பாட்டும் வந்தன.

“பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை, சார். முப்பது வருஷமாக நல்லாத்தான் இருக்கிறது” என்றார் பெரியவர்.

என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ‘மூலத்தில் ஏதோ பிழை’ என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் அந்த மொழி சரியாகத் தெரியாதவராக இருப்பார். அதை ஊருக்கெல்லாம் சொல்லும் நான், சொந்த வீட்டில் அப்படிச் சொன்னவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அங்கிருந்தே அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். கும்பகோணத்தில் மதியச் சாப்பாட்டில் இருந்தான். கையில் பிசைந்த சோற்றோடு வெகுநேரம் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன்: 50, 60, அப்பா சொன்னது தவறு, நான் சிரித்தது தவறு. “நான் அப்பவே சொன்னேன்ல” என்பான் என்று எதிர்பார்த்தேன்.

“லீவு முடிஞ்சு போனதும் அந்த ஆளோட சண்டை போட்டேன்டா” என்றான். “ரூம்ல எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசல. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். நானும் வாங்கிக்கிட்டேன்.”

முப்பது ஆண்டுகளில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெரியவர் கூலியாக 600 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். பெட்டியைத் துண்டில் சுற்றும்போது அண்ணன் இன்னும் இணைப்பில்தான் இருந்தான். அந்த மனிதரின் ஊர் மணிலாவுக்குப் பக்கத்தில் எங்கேயோ என்றான், பெயர் ஞாபகம் வரவில்லை என்றான், பழைய கடிதக் கட்டில் முகவரி இருக்கலாம், சாப்பிட்டுவிட்டுத் தேடுகிறேன் என்றான்.