சோத்தையும் கொஞ்சம் போட்டோ எடுங்க!

"எவ்ளோ சோறு சாப்பிடுறீங்க?"

உத்திரமேரூர்ல என் கிளினிக்குக்கு வர்ற ஒவ்வொரு சர்க்கரை நோயாளிகிட்டயும் நான் கேக்குற கேள்வி இது. "கொஞ்சூண்டுதான் டாக்டரம்மா"ன்னு ஒரே பதில்தான் வரும். பொய் கிடையாது. ஏரிப் பாசனத்துல நெல்லு விளையுற ஊருங்க இது. விடியக்காலையில நாத்து நட இறங்கி மதியம் வீடு திரும்புற ஒருத்தருக்கு, தட்டுல கோபுரமா குவிச்ச சோறும் கொஞ்சூண்டுதான்.

அந்த 'கொஞ்சூண்டை' கிராம்ல தெரிஞ்சுக்க வழி தேடப் போய்த்தான் நான் போட்டோ எடுக்கக் கத்துக்கிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உக்காந்து படிங்க (சர்க்கரை கம்மியா).

முதல்ல ஒரு சின்ன கணக்கு. வெந்த வெள்ளை அரிசி சோறு 100 கிராம்ல மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். தட்டுல 200 கிராம் இருந்தா 56, 400 கிராம் இருந்தா 112. பேச்சுல ரெண்டுமே "ஒரு தட்டு சோறு"தான். ஆனா மாத்திரை, இன்சுலின் எல்லாம் இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் முடிவாகுது. 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 100க்கு 14 பேர். நம்ம ஊர் குடவோலைக் கல்வெட்டுல, தேர்தல்ல நிக்கிறவங்களுக்கு 35க்கு மேல 70க்குள்ள வயசு இருக்கணும்னு விதி போட்டிருப்பாங்க. என் சர்க்கரை நோயாளிகள்ல பெரும்பாலானவங்களுக்கும் அதே வயசுதான். சபைக்கு ஆள் எடுக்கலாம்!

சரி, விஷயத்துக்கு வரேன்.

தமிழ்ல வலைப்பதிவு எழுதுறவங்க கூடிப் பேசுறது புதுசு இல்ல. 2012ல சென்னை, 2014ல மதுரை, 2015ல புதுக்கோட்டைன்னு பெரிய பதிவர் சந்திப்புகளே நடந்திருக்கு. அப்போ பேச்செல்லாம் எழுத்தைப் பத்தி. இப்ப கூடினா பாதி நேரம் போட்டோவும் வீடியோவும்தான். அப்படி ஒரு கூட்டத்துல "மருத்துவத்தை எளிய தமிழ்ல எழுதுவது எப்படி"ன்னு பேச என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. என் பேச்சு காலையிலயே முடிஞ்சுருச்சு. மதியம் சமையல் குறிப்பு எழுதுற ஒரு அக்கா, மொபைல்ல சாப்பாட்டைப் படம் எடுக்கக் கத்துக்கொடுத்தாங்க. ஏசி ஹால், நல்ல சாப்பாடு. தூங்கத்தான் உள்ள போனேன். தூக்கம் வரல.

அந்த அக்கா கேமரா பேச்சையே எடுக்கல. முதல்ல எல்லாரையும் ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. "வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும். முன்னாடி இருந்து அடிச்சா சாப்பாடு சப்பட்டையாத் தெரியும். பக்கத்துல இருந்து வந்தா நிழல் விழும், நிழல் விழுந்தாத்தான் குவியல் தெரியும்." வெயில் சுள்ளுன்னு இருந்தா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிடுங்கன்னாங்க, வெளிச்சம் மெத்துன்னு ஆயிடுமாம். எதிர்ப்பக்கம் இருட்டா இருந்தா ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினாப் போதும். பிளாஷ் போடவே கூடாது. ஸ்டுடியோ லைட் எதுவும் வேணாம், மொத்தச் செலவு 30 ரூபா.

வெள்ளை சோறு ஏன் போட்டோல சாம்பல் நிறமா வருதுன்னும் சொன்னாங்க. படம் பூரா வெள்ளையா இருந்தா, வெளிச்சம் அதிகமா இருக்குன்னு மொபைல் நினைச்சுக்கிட்டு தானே குறைச்சுடும். சோத்து மேல விரலை வெச்சுத் தொட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறியை லேசா மேல தள்ளினா சரியாயிடும். எவர்சில்வர் தட்டு கண்ணாடி மாதிரி. மேல எரியுற டியூப்லைட்டையே திருப்பிக் காட்டும். லைட்டை அணைச்சுட்டு தட்டை வாசப்பக்கம் கொண்டு போகணும். வாழை இலைன்னா சோத்துல பச்சை அடிக்கும், அதுக்கும் ஜன்னல் வெளிச்சம்தான் மருந்து.

அப்புறம் விளம்பரத் தொழில்ல நடக்குற வேலைகளைக் காட்டினாங்க. கிண்ணத்துக்குள்ள இன்னொரு சின்னக் கிண்ணத்தைக் கவுத்து வெச்சு, மேல கொஞ்சம் பிரியாணியைப் பரப்பினா கிண்ணம் நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஐஸ்கிரீம்னு காட்டுறது மசிச்ச உருளைக்கிழங்கா இருக்கலாம். பழத்து மேல நிக்கிற பனித்துளி, கிளிசரின் கலந்த தண்ணி. "நான் இதெல்லாம் செய்யுறதில்ல, சாப்பிட முடியாததைப் படம் எடுக்க மாட்டேன்"னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அங்கதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. இவங்க கொஞ்சத்தை நிறையக் காட்டக் கத்துத் தர்றாங்க. எனக்கு வேண்டியது, தட்டுல இருக்கறதை இருக்கறபடியே காட்டுறது. ரெண்டுக்கும் வித்தை ஒண்ணுதான்!

மைக் கேட்டு வாங்கினேன். டாக்டர்கள் ஏற்கனவே இதைச் செய்யுறாங்கன்னு சொன்னேன். அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல, மொபைல்ல எடுத்த படத்தை வெச்சு உணவின் அளவைக் கணக்கிடுற ஆய்வு வருஷக்கணக்கா நடந்துச்சு. தட்டுக்குப் பக்கத்துல அளவு தெரிஞ்ச ஒரு கட்டம் போட்ட அட்டையை வைக்கச் சொல்லுவாங்க. லூசியானாவுல பென்னிங்டன் ஆய்வு மையத்துல, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு படம், சாப்பிட்டு முடிச்சதும் ஒரு படம்னு ரெண்டு கேப்பாங்க. மிச்சம் வெச்சதைக் கழிச்சாத்தானே உள்ள போனது தெரியும்?

கூடவே, குறிப்பு எழுதுறவங்களுக்கு ஒரு வேண்டுகோளும் வெச்சேன். நேர் மேல இருந்து எடுக்குற படம் அழகாத்தான் இருக்கு. ஆனா அதுல ஆழம் தெரியாது. ரெண்டு கரண்டி சோறும் அஞ்சு கரண்டி சோறும் ஒரே வட்டம்தான். நீங்க போடுற படத்தைப் பார்த்துத்தான் "ஒரு ஆளுக்கு இவ்ளோ"ன்னு நாலு பேர் வீட்ல பரிமாறுறாங்க. சாய்வா எடுத்து ஒரு படமும் சேர்த்துப் போடுங்கன்னேன். அந்த அக்கா உடனே காஞ்சிபுரம் இட்லியை உதாரணம் காட்டினாங்க. மந்தாரை இலை வெச்ச மூங்கில் குடலையில வேக வெச்சு எடுக்குற அந்தப் பெரிய இட்லியை மேல இருந்து எடுத்தா வெறும் பழுப்பு வட்டம். ஒரு துண்டு வெட்டிப் பக்கத்துல சாய்ச்சு வெச்சு எடுத்தாத்தான் தடிமன் தெரியும், மிளகும் தெரியும். டாக்டரும் சமையல்காரரும் ஒத்துப் போற இடம் உலகத்துல கம்மி, அதுல இது ஒண்ணு.

ஊருக்கு வந்ததும் ஆரம்பிச்சேன். கட்டம் போட்ட அட்டைக்கு எங்க போறது? 10 ரூபா காயின் இருக்கே! விட்டம் 27 மி.மீ. தட்டோட குறுக்கால அந்தக் காயின் 10 தடவை அடங்கினா தட்டு 27 செ.மீ. 14 வகைக் காயினும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே சொல்லியும், பல கடையில இன்னும் வாங்க மாட்டேங்குறாங்க. எல்லார் வீட்லயும் நாலஞ்சு சும்மாக் கிடக்கு. உயரத்துக்கு, பக்கத்துல எப்பவும் ஒரே டம்ளரை வைக்கச் சொன்னேன்.

படம் உடனே வந்துடல. முதல் தடங்கல் டெக்னாலஜி இல்ல, கண்ணு. "இன்னா டாக்டரம்மா, துன்ற சோத்தப் போயி போட்டா புடிக்கச் சொல்ற? கண்ணு பட்டுடும் கண்ணு"ன்னுச்சு ஒரு ஆயா. "என் ஒருத்தி கண்ணுதான் ஆயா, சுத்திப் போட்டுக்கோ"ன்னேன். சிரிச்சுட்டு ஒத்துக்கிச்சு. சிலருக்கு வேற தயக்கம். தட்டுல வெறும் ரசமும் ஊறுகாயும் இருக்கறதை யாருக்குக் காட்டத் தோணும்? அதனால என் ரூல் இதுதான்: விருப்பம் இருந்தா மட்டும் அனுப்பலாம். படம் என் மொபைலைத் தாண்டாது, பார்த்துக் குறிச்சதும் அழிச்சிடுவேன்.

ரெண்டாவது, 'டாக்டருக்கான தட்டு'. முதல் வாரம் வந்த படம் எல்லாம் கீரையும் சுண்டலும் முன்னாடி, சோறு எங்கயோ பின்னாடி. நம்ம அக்கா சொன்ன ஸ்டைலிங்கை யாரும் கத்துக்கொடுக்காமலே செஞ்சிருந்தாங்க! நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது வாரம் மருமகளுக்கு அலங்காரம் பண்ண நேரமில்லாம போச்சு, நிஜத் தட்டு வந்துச்சு.

எதிர்பாராத லாபம் ஒண்ணு, நேரம். வாட்ஸ்அப்ல படம் எத்தனை மணிக்கு வந்ததுன்னு தெரியும்ல? மானாம்பதி பக்கத்துல இருந்து வர்ற ஒருத்தர் ராத்திரி 8 மணிக்கு இன்சுலின் போடுறேன்னு சொல்லியிருந்தார். தட்டுப் படம் தினமும் 9.40க்கு வருது. நடுவுல சீரியல்! அவருக்கு எழுதியிருந்த இன்சுலின் போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். ஒரு வார்த்தை பேசினேன், சரியாச்சு.

இதுக்கெல்லாம் மேல, அந்தத் தாத்தா விஷயம். (அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வயசு 70ஐத் தாண்டியவர். ரெண்டு வேளை இன்சுலின். நடு ராத்திரியில எழுந்து சம்பந்தமில்லாம பேசுறார், உடம்பு வேர்த்து ஜில்லுன்னு ஆகுதுன்னு வீட்ல சொன்னாங்க. பாடம் போட்டுக் கயிறு கட்டியாச்சு. விடியக்காலை 3 மணிக்குக் குத்திப் பார்க்கச் சொன்னேன், 56. 70க்குக் கீழ போனாலே லோ சுகர். அந்த வயசுல இது விளையாட்டு இல்ல, தூக்கத்துலயே உயிர் போகலாம். அன்னைக்கே ராத்திரி டோஸைக் குறைச்சேன். ஆனா காரணம் புரியல. சாப்பாட்டுப் படம் தினமும் வருது, தட்டு நிறைய சோறு, நல்ல வெளிச்சம், காயின், டம்ளர் எல்லாம் கச்சிதம். சாப்பிட்ட பிறகு உள்ள படம் மட்டும் இல்ல. "எச்சத் தட்டையுமா டாக்டரம்மா?"ன்னு மருமகளுக்குச் சங்கடம். கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

முக்கால்வாசி சோறு அப்படியே இருந்துச்சு. குழம்பு ஊத்திப் பிசைஞ்ச ஓரம் மட்டும் காலி.

பல் செட் ஈறுல குத்திப் புண்ணாயிருந்துச்சு. மெல்ல முடியல. பேரன் காலேஜ் பீஸ் கட்டுற சமயத்துல புதுச் செலவு வேணாம்னு அவர் வாயைத் திறக்கல. சாப்பிடாததைக் கொண்டு போய் மாட்டுத் தொட்டியில கொட்டிடுவாராம். சாதம் முழுசா உள்ள போகுதுன்னு கணக்கு வெச்சுப் போட்ட இன்சுலின், கால் தட்டுச் சோத்தோட மோதியிருக்கு. பல் டாக்டர்கிட்ட அனுப்பினோம், அதுவரைக்கும் குழைச்ச சாதமும் பருப்பும். ராத்திரி வேர்வை நின்னுச்சு. புண் ஆறினதும் சாப்பாடு கூடுச்சு. டோஸை மெல்லத் திருப்பி ஏத்தினோம்.

ஆயிரம் கேள்வி கேட்டாலும் அந்தத் தாத்தா சொல்லியிருக்க மாட்டார். எச்சத் தட்டு சொல்லிடுச்சு.

இப்ப வேணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்லித் தர்றது: முந்தானையால லென்ஸைத் துடைங்க, சமையல்கட்டு எண்ணெய்ப் பிசுக்குல பாதிப் படம் மங்குது. பகல்ல வாசப்படிக்கோ திண்ணைக்கோ தட்டைக் கொண்டு வாங்க. ராத்திரின்னா லைட் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது, நிழல் விழும். மொபைலை உக்காந்திருக்குற உங்க கண் உயரத்துல, சாய்வாப் பிடிங்க. காயின், டம்ளர் வைங்க. சாப்பிடும் முன்ன ஒண்ணு, கை கழுவும் முன்ன ஒண்ணு. தினமும் வேணாம், செக்கப்புக்கு முந்தின மூணு நாள் போதும். படத்தைப் பார்த்து இன்சுலின் டோஸை நீங்களா மாத்திடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.

படத்துல தெரியாததும் இருக்கு. குழம்புல எவ்ளோ எண்ணெய், காபியில எத்தனை ஸ்பூன், இதையெல்லாம் வாய் விட்டுத்தான் கேக்கணும். எனக்குப் பெரிய தலைவலி கூழ். சொம்புல இருக்குற கேழ்வரகுக் கூழ் கெட்டியா, தண்ணியான்னு எந்த ஆங்கிள்ல எடுத்தாலும் புரியல. "கூழ்தானே, சர்க்கரை ஏறாது"ன்னு ரெண்டு சொம்பு இறங்குது. கேழ்வரகு மாவு 100 கிராம்ல மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம், பச்சரிசியை விடக் கொஞ்சம்தான் கம்மி. நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், அது நிஜம். ஆனா அளவு அளவுதான். அதனால கூழுக்கு மட்டும் போட்டோ கேக்குறதில்ல. மாவை எந்த டம்ளர்ல அளந்து போட்டாங்க, எத்தனை பேர் குடிச்சாங்கன்னு கேட்டு எழுதிக்கிறேன். இதுக்கு யார்கிட்டயாவது நல்ல யோசனை இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.