மூடி இல்லாத பெட்டி

எங்கள் வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு மூன்று வயதுதான். அதற்குள் அதற்கு ஒரு விநோத வியாதி வந்துவிட்டது. இரவெல்லாம் சார்ஜில் போட்டு எடுத்தாலும், காலையில் நாகஸ்வரம் தனியாக ஆலாபனை செய்யும்வரை ஒழுங்காகப் பாடும். தவில் சேர்ந்ததும் அணைந்துவிடும்.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இது சீல் பண்ண பீஸ் சார், ஓப்பன் பண்ண வராது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க” என்றான். மைக்செட் வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். “ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பாய் இருக்கார். அவர்கிட்ட கொண்டு போ. பேரம் மட்டும் பேசாதே” என்றார்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கேசினோ தியேட்டர் பக்கமாக நடந்தேன். கேபிள் சுருள்களையும் சிசிடிவி பெட்டிகளையும் தாண்டி, நண்பர் சொன்ன அடையாளத்தில் ஒரு மாடிப்படி. அதன் அடியில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடம். அதுதான் கடை. பாய்க்கு அறுபதை ஒட்டிய வயது. நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி, வலது கட்டைவிரல் நகத்தின் நடுவே நிரந்தரமாகிப்போன ஒரு பிளவு.

வியாதியைச் சொன்னதும் சிரித்தார். “தவில் வந்தா ஆஃப் ஆவுதா? செல்லுக்கு வயசாயிருச்சு சார். சமதரையில நடக்கச் சொன்னா நடக்கும். மாடி ஏறச் சொன்னா மூச்சு வாங்கும்.”

லித்தியம் அயன் செல் பழசாகப் பழசாக அதன் உள்தடை கூடிக்கொண்டே போகும். மெல்லிய சத்தத்துக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், சமாளித்துவிடும். தவிலின் தொப்பிப்பக்க அடி விழும்போது ஒரே இழுப்பில் நிறையக் கரண்ட் வேண்டும். அந்த இழுப்பில் வோல்டேஜ் சட்டென்று சரிய, செல் காலியாகிவிட்டது என்று நினைத்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும்.

“அறுநூத்தம்பது ஆகும்” என்றார்.

நண்பரின் எச்சரிக்கையை மறந்துவிட்டேன். “செல் என்ன விலை பாய்?”

“ஒண்ணு நூத்தியெம்பது. ரெண்டு போடணும்.”

“அப்ப முந்நூத்தறுபதுதானே ஆகுது?”

பாய் கோபப்படவில்லை. ஸ்பீக்கரை என் பக்கம் நகர்த்திவைத்தார். “நீங்களே தொறந்து குடுங்க சார். செல்லுக்கு மட்டும் காசு வாங்கிக்கிறேன்.”

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருகு இல்லை, மூடி இல்லை, நகம் நுழைய ஓர் இடுக்கு இல்லை. கூழாங்கல்லைப் போலிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் முக்கால் மணி நேரம் நடந்தது, என்னைப் பொறுத்தவரை ஓர் அறுவைச் சிகிச்சை. சூடான காற்றை அடிக்கும் பிளோயரை அடிப்பக்க ரப்பர் காலின்மேல் காட்டினார். ரப்பர் இளகியதும் கூரிய முனையால் ஓரத்தைத் தூக்கி, கிழியாமல் மெதுவாக உரித்தார். அதற்கடியில் நான்கு திருகுகள் ஒளிந்திருந்தன. நட்சத்திரத் தலை, அதிலும் நடுவில் ஒரு முளை, சாதாரண ஸ்குரூடிரைவர் இறங்காதபடி. திருகுகளைக் கழற்றிய பிறகும் ஓடு பிரியவில்லை. சுற்றிலும் பசை. மறுபடி பிளோயர். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை முக்கோணமாக வெட்டி வைத்திருக்கிறார். அதை இடுக்கில் செருகி, விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். இரும்பால் நெம்பினால் ஓடு உடையும், தகடு போனால் வயர் அறுந்துவிடும், ஃபிலிம்தான் வளைந்து கொடுக்கும் என்றார். ஃபிலிம் போகாத இடத்தில் கட்டைவிரல் நகம் போயிற்று. பிளவுக்குக் காரணம் அப்போது புரிந்தது.

ஓடு பிரிந்தபோது சூடுபட்ட பசையின் நெடி அந்த இடம் முழுவதும் நிறைந்தது. எனக்குக் கண் எரிந்தது. அவர் தினமும் இதைத்தான் சுவாசிக்கிறார்.

உள்ளே நீல உறை போட்ட இரண்டு செல்கள். 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழுதாக ஏறினால் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும். மீட்டரை வைத்தார். ஒன்றில் 4.02, இன்னொன்றில் 2.61.

“ரெட்டை மாட்டு வண்டியில ஒரு மாடு படுத்துக்கிச்சு” என்றார். நல்ல மாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றேன். பழசோடு புதுசைப் பூட்டினால் வண்டி குடை சாயும், இரண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். பிறகு போர்டில் நாலைந்து இடங்களில் மீட்டரை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

என் கண்ணெல்லாம் மூலையில் இருந்த மரப்பெட்டியின் மேல். அது அவரே செய்த ஸ்பாட் வெல்டிங் மெஷின். காயலான் கடையில் வாங்கிய பழைய மைக்ரோவேவ் அவனின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, அதில் இரண்டாம் பக்கம் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான மெல்லிய சுற்றுகளை வெட்டி எறிந்துவிட்டு, கட்டைவிரல் தடிமனுள்ள கேபிளை இரண்டே சுற்றுச் சுற்றியிருக்கிறார். வோல்டேஜ் இரண்டு மூன்றுதான் வரும். கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் பாயும். கேபிளின் இரு நுனியிலும் கூராக்கிய செம்புக் கம்பிகள். மிதித்து அழுத்த, தையல் மெஷினிலிருந்து கழற்றிய பெடல்.

செல்லின் முனையில் நிக்கல் பட்டையை வைத்து, செம்பு நுனிகளை அழுத்திப் பெடலை மிதித்தார். ‘டப்’. ஒரு பொறி, இரண்டு கருத்த புள்ளிகள். இன்னொரு ‘டப்’, இன்னும் இரண்டு. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் என்ன என்று கேட்டேன். “அயன் சூடு உள்ள இறங்குனா செல்லு செத்துரும் சார். இது கண்ணு சிமிட்டுற நேரம்தான். மேல மட்டும் ஒட்டும், உள்ள சூடு போவாது.” முதலில் ஒரு வீணான செல்லில் ஒட்டி, பட்டையைக் குறடால் பிடித்துப் பிய்த்துக் காட்டினார். பட்டை கிழிந்தது, நான்கு புள்ளிகளும் செல்லிலேயே நின்றன. “இப்படிக் கிழியணும். பட்டை முழுசா கையோட வந்துச்சுன்னா வெல்டிங் ஏறலைன்னு அர்த்தம்.”

வாணியம்பாடியிலிருந்து பதினாறு வயதில் பட்டணம் வந்தவர். டேப் ரிக்கார்டர் ரிப்பேரில் தொடங்கினார். “டேப்புக்குப் பின்னாடி ஒரு மூடி இருக்கும். கட்டைவிரலால அமுக்கித் தள்ளுனா தொறந்துரும். பேட்டரி மாத்த எவனும் என்கிட்ட வந்ததில்ல” என்றார். எனக்கும் எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. தீர்ந்த பேட்டரிகளைத் தாத்தா வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு பாட்டுக்காவது வருமா என்று பார்ப்பார். டேப் போனபின் பாய் சில வருஷம் சார்ஜரும் ஹெட்போனும் விற்றிருக்கிறார். மூடி இல்லாத பெட்டிகள் வந்து அவரைத் தொழிலுக்குத் திருப்பிக் கூப்பிட்டன.

வெல்டிங்குக்கு முன், புதுச் செல் எடுக்கும்போது ஒரு நகைக்கடைத் தராசை வெளியே வைத்தார். நல்ல செல், 46 கிராம். இன்னொன்றை வைத்தார், உறையில் 9,900 மில்லியாம்ப்-மணி என்று பளபளவென்று அச்சிட்டிருந்தது. எடை 31 கிராம். இந்த அளவுச் செல்லில் உலகத்திலேயே சிறந்த கம்பெனி செய்தாலும் 3,500-ஐ ஒட்டித்தான் அடைக்க முடியும். பழைய லேப்டாப் பேட்டரிகளைக் கிலோ கணக்கில் வாங்குகிற ஏஜென்ட்கள் செல்களைப் பிய்த்து, புது உறை மாட்டி, வாய்க்கு வந்த நம்பரை அச்சிட்டு விற்கிறார்கள். அந்தச் செல் ஆறு மாதத்தில் சாகும்போது, திட்டு விழுவது மாட்டிய பாய்க்கு. உறை மாட்டியவன் முகம் யாருக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உறை மாட்டுகிறவன் ஒரு திருடன் என்றால், மூடியை எடுத்துவிட்டுப் பசை ஊற்றுகிறவன் யார்? லித்தியம் அயன் செல் 1991இல் கடைக்கு வந்தது. சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் அது தளரும் என்பது செய்கிறவர்களுக்கு அன்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் அதைப் பெட்டிக்குள் புதைக்கிறார்கள். கேட்டால், தண்ணீர் புகாமல் இருக்கத்தான் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி 18 முதல் இப்படிச் சிறு சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடியவேண்டும் என்கிறது. நனைவதற்கென்றே செய்த சில சாதனங்களுக்கு மட்டும் தொழில் தெரிந்தவர் மாற்றினால் போதும் என்று சலுகை. இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்கு மத்திய அரசு 2022இல் குழு அமைத்தது. அந்த உரிமையை இந்த மாடிப்படிக்கு அடியில், சட்டத்துக்குக் காத்திராமல் ஒருவர் நகத்தால்...

“கைய எடுங்க சார்” என்றார் பாய். ஆவேசத்தில் நான் வெல்டிங் கேபிளின்மேல் கையூன்றியிருந்தேன்.

கழற்றிய செல்களின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய டின்னில் போட்டார். ஓட்டின் உட்புறத்தில் மார்க்கரால் அன்றைய தேதியை எழுதினார். மூடுவதற்குமுன் என்னைப் பார்த்தார். “தண்ணி போவக் கூடாதா, இல்ல மறுபடி தொறக்கணுமா? ரெண்டும் ஒண்ணா நடக்காது.”

“திறக்கணும் பாய்.”

பசை போடவில்லை. முளையுள்ள திருகுகளைத் தூர வைத்துவிட்டுச் சாதாரணத் திருகு நான்கைப் போட்டார். ரப்பர் காலை இருபக்க டேப்பால் ஒட்டினார். பட்டனை அமுக்கினேன். உயிரில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் நிதானமாகச் சார்ஜர் வயரைச் செருகி, உடனே உருவினார். “செல்லக் கழட்டி மாட்டுனா போர்டு தூங்கிரும். தொட்டு எழுப்பணும்.” விளக்கு எரிந்தது. போனில் மல்லாரியைத் தேடிப் போட்டேன். நாகஸ்வரம் வந்தது, பின்னாலேயே தவிலும் வந்தது. சத்தத்தை முழுதாக வைத்தேன். மேசை அதிர்ந்தது, ஸ்பீக்கர் நிற்கவில்லை.

அறுநூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஒருவர், கையில் இதேபோல் ஒரு கூழாங்கல்லோடு நின்றார்.

“செல்லு என்ன விலை பாய்?” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய ஸ்பீக்கரை அவர் பக்கமே நகர்த்திவைத்தார்.