நாங்களா, நாமா?

தமிழுக்கு வாய்த்த நுட்பங்களுள் ஒன்று, தன்மைப் பன்மைக்கு அது வைத்திருக்கும் இரு சொற்கள். 'நாங்கள்' என்னும்போது கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்னும்போது அவரும் உள்ளே வந்துவிடுகிறார். பள்ளி மாணவர்கள் செய்யும் சமூகப் பணியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வேறுபாடே நம் நினைவுக்கு வருகிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பின்னர் மேனிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் பொருள்பட அமைந்தது அதன் குறிக்கோள். தன்னலத்தை வெல்ல நல்ல பாடம். ஆயினும் 'எனக்கு', 'உனக்கு' என்ற இரு சொற்களுக்கிடையே ஒரு வேலி இன்னும் நிற்கிறது. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம்.

நாம் தாளாளராய்ப் பொறுப்பு வகித்த பள்ளி தூத்துக்குடி உப்பளங்களை அடுத்திருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் மாணவர்கள் வீடுவீடாகப் பிடியரிசி திரட்டி, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்குவது அங்கே வழக்கம். ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மார்கழி முடியும்வரை பல வீடுகளில் கையிருப்பு இராது. உதவி தக்க காலத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரு திருவருகைக் காலத்தில், அரிசி வழங்கும் நாளில் யார் எங்கே நிற்பது என்று ஆசிரியர் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சாமி, எங்க அம்மாவும் வரிசையில நிப்பாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

குரலில் கோபமில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. அவளுடைய தாய் உப்பு வாருகிறவர் என்பது, ஆறு மாதமாக அவளருகில் அமர்ந்து படித்த தோழிக்கே அன்றுதான் தெரிந்தது.

அவ்வாண்டு வரிசை இல்லை. மாணவர்கள் இருவர் இருவராக வீடுகளுக்குச் சென்றார்கள். திண்ணையில் அமர்ந்து பேசினார்கள். அரிசி, பேச்சுக்குப் பின்னர் வந்தது. வீட்டுக்காரர் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்தார்கள். கொடுக்கப் போனவர்கள் பெற்றும் வந்தார்கள்.

இது திருச்சபைக்குப் புதிய வழியன்று. 1833-இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய சிறு குழுவே இன்று நம் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபையாக விளங்குகிறது. ஏழைகளைத் தம் வாயிலுக்கு அழைக்காமல், அருட்சகோதரி ரோசலி ரெந்துவின் வழிகாட்டலில், அவர்களுடைய இல்லங்களைத் தேடிச் சென்றார்கள் அந்த மாணவர்கள். 1997-இல் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் அளித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதற்குப் பத்தாண்டு முன்பே தம் சுற்றுமடல் ஒன்றில், தோழமை என்பது பிறர் துன்பம் கண்டு எழும் தெளிவற்ற இரக்கமன்று, பொதுநலனுக்குத் தன்னையே ஈடுபடுத்தும் உறுதி என்று விளக்கியிருந்தார்.

அந்த உறுதி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பங்குனியில் கண்டோம். உப்பு விளையத் தொடங்கியதும், அம்மாணவியே தன் வகுப்பினரையும் ஆசிரியர்களையும் விடியுமுன் உப்பளத்துக்கு அழைத்துச் சென்றாள். வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டியிருப்பதால் வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. பின்னர் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை வருத்துகிறது. உப்புநீர் பாதத்தைப் பிளக்கிறது. வாரும் பலகையைப் பிடிக்கத் தெரியாமல் திணறிய பிள்ளைகளுக்கு அவள் தாயே ஆசிரியையானார்.

வகுப்புக்குத் திரும்பியவர்களின் கேள்வி மாறியிருந்தது. 'என்ன கொடுக்கலாம்?' என்று கேட்டவர்கள், 'மழை மாதங்களில் இவர்கள் எப்படி வாழ்வது?' என்று கேட்டார்கள். 2022-இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, எழுதத் தெரியாத தாய்மாருக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள் பின்வந்த மாணவர்கள். அத்தொகை மூன்று மாதத்துக்கு எவ்வளவு தூரம் வரும் என்று அவர்களோடு அமர்ந்து கணக்கிட்டவர்களும் அவர்களே.

"படிக்க அனுப்பினோமா, உப்பு வார அனுப்பினோமா?" என்று ஒரு தந்தை நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், தேர்வு நெருங்குகையில் பெற்றோர் மனம் பதறும். நலப்பணித் திட்டத்தின் ஆண்டுக் கணக்கான 120 மணி நேரத்தை முடித்தால் சான்றிதழ் கிடைக்கும் என்றால் எவரும் மறுப்பதில்லை. ஆனால் நல்ல சமாரியர் மணி பார்த்து உதவவில்லை. அடிபட்டவரைத் தம் விலங்கின்மீது ஏற்றினார், விடுதியில் சேர்த்தார், திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றார். ஒருமுறை கொடுத்துவிட்டுப் போவது எளிது. திரும்பி வருகிறவருக்கே அடுத்தவரின் பெயர் தெரிகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இவ்வாண்டும் ஏதேனும் ஓர் ஏழைக் குடியிருப்புக்கு உதவிப்பொருள் கொண்டுசெல்லக்கூடும். மகிழ்ந்து அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அக்குடியிருப்பிலிருந்து உன் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் யார் யார்? பெயர் சொல்லத் தெரியவில்லையெனில், முதலில் அவர்களோடு அமர்ந்து உணவு உண்டு வரச் சொல்லுங்கள். பொருளைப் பின்னர் இருவருமாகச் சேர்ந்து சுமக்கட்டும்.