எந்த நாட்டுச் சாமான்?

எங்கள் ஊரில் ஒரு பொருளை வாங்கி வந்தால், அதன் விலையைக் கேட்பதற்கு முன் "எந்த நாட்டுச் சாமான்?" என்றுதான் கேட்பார்கள். யப்பான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஜேர்மனி என்றால் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். சைனா என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து வந்தவர்கள் கொண்டுவந்த வானொலிப் பெட்டிகளும் தையல் இயந்திரங்களும் ஓட்டமாவடிக்குக் கற்றுத்தந்த பாடம் இது.

முப்பது வருடங்களுக்கு மேலாக விசைப்பலகையைத் தட்டிச் சோறு உண்பவன் என்பதால், இந்தப் பாடத்தைச் சற்றுக் கிளறிப் பார்க்கும் தேவை எனக்கு ஏற்பட்டது. சாதாரண விசைப்பலகைக்குள் இருப்பது ஒரு றப்பர் விரிப்பு. அது தளர்ந்தால் எல்லா விசைகளும் சேர்ந்தே சோர்ந்துபோகும். மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே சுருள்வில்லும் சுவிட்சும் உண்டு. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வாவிக்கரையின் உப்புக்காற்றில் வாழ்கிறவனுக்கு இது சிறிய விடயமன்று.

அப்படியொன்று வேண்டுமென்று சொல்லிவைத்திருந்தேன். கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார்: "சேர், இது ஒரிஜினல் ஜேர்மன்."

கவிழ்த்துப் பார்த்தேன். சீனாவில் தயாரிக்கப்பட்டது என்று அடிப்புறத்தில் பொறித்திருந்தது.

"கம்பனி ஜேர்மன்தான் சேர். பூட்டினதுதான் சைனா."

அவர் சமாளிப்பதற்காகச் சொன்ன பதிலில் உண்மை நிறையவே இருந்தது. இத்துறையில் பெரும்பெயர் பெற்ற செரி நிறுவனம் 1953இல் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் ஜேர்மனியில் நிலைபெற்றது. 1980களில் அது வெளியிட்ட எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றுவரை மற்றவர்களுக்கு முன்மாதிரி. காப்புரிமை முடிந்ததும் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. நகலெடுத்தவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட அவர்களது சுவிட்சுகள் மூலத்தைவிட வழுக்கலாக இயங்குகின்றன என்று, பாவித்தவர்கள் பலர் சில வருடங்களிலேயே சொல்லத் தொடங்கினர். 2025இல் செரியே ஆவுர்பாக் நகரில் சுவிட்ச் செய்வதை நிறுத்திச் சீனாவுக்கும் சுலோவாக்கியாவுக்கும் மாற்றுவதாக அறிவித்தது. யப்பானிய உறுதிக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட ஃபில்கோ விசைப்பலகைகளோ தாய்வானில் செய்யப்பட்டவை. அதை விற்ற டயாடெக் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது.

'ஜேர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்ற முத்திரையின் கதை இன்னும் சுவையானது. 1887இல் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஷெஃபீல்ட் கத்திகளைப் போலப் போலி செய்து மலிவாக வந்த ஜேர்மன் சாமான்களைச் சனங்கள் அடையாளம் கண்டு ஒதுக்கவேண்டும் என்பதே நோக்கம். ஒதுக்குவதற்காகக் குத்திய முத்திரை பின்னர் பெருமைச் சின்னமாயிற்று. அன்றைய ஜேர்மனி, இங்கிலாந்துக்காரனின் கண்ணில் ஒரு 'சைனா'தான்!

நமது தமிழ்த் தட்டச்சுக்கும் இதில் ஒரு பங்குண்டு. அதை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்குப் போய்ப் பின் சிங்கப்பூரில் வாழ்ந்தார். 247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்க வழி கண்டார். புள்ளி போன்ற குறிகளை அடித்தாலும் வண்டி நகராதபடி 'நகரா விசை'களை அமைத்தார். இயந்திரமோ ஜேர்மனியில் வார்க்கப்பட்டது. ட்ரெஸ்டன் நகரத்துச் செய்டல் அண்ட் நௌமன் நிறுவனத்தின் 'பிஜு' தட்டச்சுகள் தமிழ் எழுத்தோடு வந்தன. அதை எந்த நாட்டுச் சாமான் என்பீர்கள்? சென்னையின் டிவிஎஸ் நிறுவனமும் தனது 'கோல்ட்' விசைப்பலகையில் செரியின் நீலச் சுவிட்சுகளைப் பொருத்தி விற்றது. இந்திய அலுவலகங்களில் அதன் 'டக் டக்' ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

எங்கள் மாகாணத்துப் பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் சட்டைகள் வெளிநாட்டுப் பெயர்ப்பட்டிகளோடு கப்பலேறுகின்றன. வாங்குகிற வெள்ளைக்காரர் கழுத்துப் பட்டியைப் புரட்டி, இலங்கை என்று கண்டு உதட்டைப் பிதுக்கினால் எங்களுக்குச் சம்மதமா? சீனத்துப் பெண்ணொருத்தி பூட்டிய பலகையைப் பார்த்து நாங்கள் செய்வதும் அதுவே. மட்டமான சாமான் சீனாவிலிருந்து வருவதில்லை என்று நான் சொல்லவில்லை; தாராளமாக வருகிறது. மலிவாகக் கேட்டு இறக்குகிற எங்கள் வியாபாரிகளுக்கு அதில் பங்கில்லையா?

ஆகவே நாட்டை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது, உள்ளே உருக்குத் தகடு. இரு கைகளாலும் பிடித்து முறுக்கியும் நெளியவில்லை. விசைகளின் மேல்மூடி பிபிடி பிளாஸ்டிக். ஏபிஎஸ் போல விரல்பட்டு மினுங்கிப் போகாது. எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்ல. வேறு நிறப் பிளாஸ்டிக்கையே எழுத்தாக வார்த்திருந்தார்கள். தேய்ந்து அழிய வழியில்லை. வாங்கிவிட்டேன்.

ஆனால் அந்த அழியாத எழுத்துகள் அத்தனையும் ஆங்கிலம். தமிழுக்கு ஒட்டுத்தாள்தான். அது இரண்டாம் மாதமே ஓரங்களில் சுருளத் தொடங்கி, இப்போது பாதி விசைகளில் இல்லை. பாமினி விரல்களில் ஊறிவிட்டதால் வேலை நடக்கிறது.